ஆலோசகருக்கும் ஒரு துணை வேண்டும்



1946இல் செனற்றர் புல்பிறைற் முயற்சியால் பிறந்த புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும் அமெரிக்க மாணவருக்கு உதவ, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆலோசகர் உளர். பல இடங்களில் ஒருவரே அப்பணியைச் சுமக்கிறார். அவர் விலகின் அனுபவமும் உடன் போய்விடும். ஆதலால் மூத்த ஆலோசகர், பிற பல்கலைக்கழகத்துப் புதியவருக்கும் வழிகாட்டுகின்றனர். வெளிநாட்டு நிறுவனத்தின் ஏற்புக் கடிதத்தை எப்போது கோருவது என்பது எளிதில் விளங்கும். மாணவனின் கட்டுரையைத் திருத்துவதை எவ்விடத்தில் நிறுத்துவது? அதுவே கடினம். சாட்சிக்குச் சொல் கற்பித்தால் வழக்குக் கெடும் என்பதை அறிந்தவன் நான்!

இலங்கையில் அப்பரிசில் 1952 முதல் உண்டு. கமக்காரன் மகள் விண்ணப்பத்தோடு வந்து நிற்கையில், அவளுக்கு வழிசொல்லும் விரிவுரையாளர் யாரிடம் கேட்பார்? யாழ்ப்பாணத்தாரும் வந்தாறுமூலையாரும் இவ்வாண்டே கூடிப் பேசுதல் வேண்டும்.