சோக முடிவுக்குத் தடை கேட்ட வாசகர்

பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வின் விடாப்பிடியான வாசகர். 1838 முதல் படிப்புக்கென்றே தனி நோட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தார். படிக்க வேண்டியவை, படித்து முடித்தவை என்று பட்டியல்கள். சில நூல்களுக்கு அருகில் ஓரிரு சொல்லில் தீர்ப்பு.

அதற்கு முன், பீகிள் என்ற ஆய்வுக் கப்பலில் பயணம் செய்தபோது லயலின் நிலவியல் நூல் அவருக்குப் பாடம். மில்டனின் காவியம் துணை. கரையிறங்கிப் பயணம் போகையில் ஒரே புத்தகம்தான் என்றால் கை மில்டனைத்தான் எடுக்கும். 1838 அக்டோபரில் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையைப் பொழுதுபோக்காகத்தான் படித்தார். இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் அப்போதுதான் பிடிபட்டது!

புத்தகத்தை அவர் பூஜைப் பொருளாக வைக்கவில்லை. கனமான நூலைக் கையில் பிடிக்க வசதியாக இரண்டாக வெட்டிவிடுவார். வேண்டிய பக்க எண்களைப் புத்தகத்தின் கடைசித் தாளில் குறித்துக்கொள்வார்.

இளமையில் விரும்பிப் படித்த ஷேக்ஸ்பியர் முதுமையில் அவருக்குத் தாங்க முடியாமல் சலித்தது. அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை, இழப்பாகவே எழுதினார். வாரம் ஒருமுறையாவது கவிதை படித்திருக்கலாமே என்று வருந்தினார். மாபெரும் விஞ்ஞானி ஒருவர் இப்படி மனம் திறந்தது மிக அரிய விஷயம்.

நாவல் மட்டும் கடைசிவரை கசக்கவில்லை. வீட்டில் யாராவது வாசிக்க, சாய்ந்தபடி கேட்பார். சுமாரான கதையும் போதும், சோகமாக முடியக்கூடாது. அப்படி முடிப்பதற்கு எதிராகச் சட்டமே வேண்டும் என்று சுயசரிதையில் எழுதினார். மனதார நேசிக்க ஒரு பாத்திரமாவது இல்லாத கதை, அவர் கணக்கில் முதல்தர நாவல் இல்லை.