காலுக்கு ஏற்ற ஷூ



கோலார் தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த ஒருவர் இப்போது தினமும் ரயிலேறி பெங்களூர் போய் வேலை செய்கிறார். அவர் மகனுக்கு ராணுவத்தில் சேர ஆசை. அதற்கு 1600 மீட்டர் ஓட வேண்டும்.

மகன் தேய்ந்த பழைய ஷூவில் ஓடினான். எடுத்த எடுப்பிலேயே வேகமாக ஓடினான். குதிகால் வலித்தது. காலையில் முதல் அடி வைத்தாலே குத்தியது.

நர்சம்மா சொன்னார்: "தம்பி, வலி குறையும்வரை ஓடாதே. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வை. சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டிவிடு. குறையாவிட்டால் டாக்டரைப் பார்."

வலி குறைந்தது. அப்பாவும் மகனும் சாயங்காலம் கடைக்குப் போனார்கள். சாயங்காலம் கால் சற்று உப்பியிருக்கும். அப்போது அளவு பார்ப்பதே நல்லது. காலுறையோடு இரண்டு காலிலும் போட்டு நடந்து பார்த்தான். விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. குதிகால் பக்கம் கெட்டியாக இருந்தது. வளைத்தால் விரல் பக்கம் வளைந்தது. நடுவில் மடியவில்லை. விலையும் குறைவு.

"இன்னொன்று நல்ல கம்பெனி, பிடித்தால் போகப்போகத் தளரும்" என்றார் கடைக்காரர். அப்பா வேண்டாம் என்றார்.

இப்போது மகன் மெல்ல ஓடுகிறான். வாரந்தோறும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டுகிறான்.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். காலைப் பார்த்து வாங்குங்கள்.