லாக் காலியா இருந்தா எல்லாம் சரின்னு அர்த்தமா?

செஞ்சியிலிருந்து இன்னொரு எபிசோடு. நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். கிரையோபலூன் சிகிச்சை செஞ்சாங்க. நாலு சிரையும் துண்டிச்சாச்சுன்னு ரிப்போர்ட். எட்டு மாசத்துல படபடப்பு திரும்பிடுச்சு. அப்போ ரிப்போர்ட் பொய்யா?"

பொய்யா இருக்கணும்னு அவசியமில்லை.

இதயத்தின் மேலறைகளை ஒழுங்கில்லாமல் துடிக்க வைக்கும் மின் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன. 1998-இல் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள் இதைக் காட்டினார்கள். அதனால் சிரையின் வாயில் 28 மி.மீ. பலூனை அடைத்து, நைட்ரஸ் ஆக்சைடால் சுற்றியுள்ள திசுவை உறைய வைத்து, மின்சாரம் தாண்ட முடியாத வேலி போடுகிறார்கள். நம்ம கோட்டை மாதிரிதான்: மூணு மலையையும் சுவர் இணைச்சாலும், ஒரு சந்து இருந்தா போதும், எதிரி உள்ளே வந்துடுவான்.

வேலி முழுசா விழுந்துச்சான்னு எப்படித் தெரியும்? பலூன் நடுவே போகும் மெல்லிய கம்பியின் நுனி வளையத்தில் 8 எலக்ட்ரோடுகள் இருக்கும். உறைய உறைய சிரையின் சிக்னல் தாமதமாகி, பட்டுன்னு நின்னா, துண்டிச்சாச்சு.

இங்கே ரெண்டு சிக்கல். பலூன் நகராமல் இருக்க அந்தக் கம்பியை ஆழமாகத் தள்ள வேண்டியிருக்கும். ஆனால் சிக்னல் தரும் தசை வாய்ப்பக்கம்தான் அதிகம். வளையம் உள்ளே போயிட்டா ஒண்ணும் கேட்காது. லாக் காலிதான், அதுக்காக சர்வர்ல பிரச்சினை இல்லைன்னு சொல்ல முடியுமா?

அடுத்தது, பக்கத்துத் தெரு கோயில் ஸ்பீக்கர் நம்ம வீட்டுக்குள்ள கேட்கிற கதை. இடது சிரைகளை ஒட்டி, மேலறையில் காது மாதிரி ஒரு பை இருக்கு. அதன் சிக்னல் சிரைக்குள்ளும் கேட்கும். அந்தப் பையையே செயற்கையா துடிக்க வெச்சுப் பார்ப்பாங்க. சிக்னல் அந்தத் துடிப்போடயே ஒட்டிக்கிட்டு வந்தா, அது வெளிச்சத்தம்.

முதல் தப்பில் சந்து விட்டுப்போகும். இரண்டாவதில் வேண்டாத இடத்தில் மறுபடி உறைய வைப்பார்கள். பின்னாலேயே உணவுக்குழாய் இருக்கிறது.

சரியாகவே படித்தாலும், குளிரில் மயங்கிய திசு பிறகு விழித்துக்கொள்ளலாம். 762 பேரை வைத்து நடந்த ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வு 2016-இல் வந்தது. கிரையோபலூன், சூட்டால் சுடும் முறை இரண்டிலுமே, ஓராண்டுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் படபடப்பு திரும்புவதோ, மருந்தோ மறு சிகிச்சையோ தேவைப்படுவதோ நடந்தது.

அதனால நண்பா, ரிப்போர்ட் அந்த நிமிஷத்தோட நிலவரம்தான். அப்பாவுக்கு இப்போ ஒரு ஈசிஜி எடுங்க. ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க. மறுபடி சிகிச்சைன்னு சொன்னா, "எந்தச் சிரையில சந்து?"ன்னு தைரியமா கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.