அதிகாரம் தந்தவர் கணக்குக் கேட்க வேண்டும்

(புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் கமக்காரர், கடற்றொழிலாளர், ஆசிரியர், சட்டத்தரணிகள் ஆகியோர் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஜனாதிபதிகள் தங்கள் அதிகாரத்தை எவ்வாறு துஷ்பிரயோகம் செய்தார்கள் என்பதைப் பற்றிப் பேசவே இன்று நாம் இங்கு கூடியிருக்கின்றோம். இது கொழும்பிலே சட்டம் படித்தவர்கள் பேசவேண்டிய பொருள், தோட்டம் கொத்துகின்றவருக்கும் வலை இழுக்கின்றவருக்கும் இதில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்களுக்கு நாம் மூன்று செய்திகளை நினைவூட்டுவோம்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பூச்சிநாசினிகளினதும் இறக்குமதி தடை செய்யப்பட்டது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரே மூச்சில் நாடு முழுவதையும் சேதன விவசாயத்துக்கு மாற்றப் புறப்பட்டார். கற்பிட்டி மணலிலே மிளகாயும் வெங்காயமும் விளைவிக்கின்ற கமக்காரனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது ஒரு போகம் பாழாகிவிட்டது. இது முதலாவது.

2012ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் ஆட்சியிலே, எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்திலே கடற்றொழிலாளர் வீதிக்கு வந்தனர். மண்ணெண்ணெய் விலையைக் குறையுங்கள் என்று கேட்டவர்கள்மீது துப்பாக்கி வெடித்தது. ஒரு மீனவர் உயிர் துறந்தார். இது இரண்டாவது.

2020ஆம் ஆண்டு, கொள்ளைநோய்க் காலத்தில், இறந்தவர் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், பெற்ற பிள்ளையின் உடலைக் கூட மார்க்க முறைப்படி மண்ணிலே வைக்க முடியாமல் முஸ்லிம் சகோதரர்கள் கண்ணீர் வடித்தார்கள். 2021 பெப்ரவரியிலேதான் அந்த விதி மாறியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. இது மூன்றாவது.

உரம், எண்ணெய், கபுறு. வயலிலும் கடலிலும் மயானத்திலும் வந்து நிற்கின்ற ஓர் அதிகாரத்தைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

அதிகாரத் துஷ்பிரயோகம் என்றால் என்ன? நம்முள் பலர் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருப்போம். வெளியூர் செல்கின்ற ஒருவர் தமது தென்னந்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு நம்பிக்கையானவருக்குத் தத்துவம் எழுதிக் கொடுக்கின்றார். அவர் தேங்காய் பறிக்கலாம், விற்கலாம், வேலி அடைக்கலாம், வழக்கும் பேசலாம். ஆனால், தத்துவத்தின் காலத்தைத் தாமே நீட்டிக்கொள்ளலாமா? கணக்குக் கேட்கின்ற நீதிபதியைத் துரத்தலாமா? காவற்காரனை ஏவிச் சொந்தக்காரனையே அடிக்கலாமா? தோட்டத்திலே களவெடுத்த தம் ஆளை மன்னித்துவிடலாமா? கூடாது என்று எழுத்தறியாத கிழவியும் சொல்லுவாள். ஜனாதிபதிப் பதவியும் மக்கள் எழுதிக் கொடுத்த தத்துவமேயன்றி வேறில்லை. மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் உரைகல்லாகக் கொண்டு நம் நாட்டையும் பிற நாடுகளையும் உரசிப் பார்ப்போம்.

முதலாவது, காலத்தை நீட்டல். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் கட்சி 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. 1978 பெப்ரவரி 4ஆம் நாள் அவர் நிறைவேற்று ஜனாதிபதியானார்; அதே ஆண்டு செப்டெம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 1980இல் பிரதான எதிராளியான சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. 1982 டிசம்பரில், பொதுத்தேர்தலை நடத்தாமல், பழைய பாராளுமன்றத்துக்கே மேலும் ஆறாண்டு ஆயுள் கொடுக்க ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு இருந்தனர். 2010 செப்டெம்பரில் மகிந்த ராஜபக்ச பதினெட்டாம் திருத்தத்தைக் கொண்டுவந்து, இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாகக் கூடாது என்ற வரம்பையே வெட்டி எறிந்தார்.

பிலிப்பைன்சில் மார்க்கோஸ் என்ன செய்தார்? 1965இலும் 1969இலும் வென்ற அவருக்கு மூன்றாம் தடவை இடமில்லை என்று அந்நாட்டு யாப்புச் சொல்லிற்று. 1972 செப்டெம்பரில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து 1986 வரை ஆண்டார். அதே 1972இல் தென் கொரியாவிலே பார்க் சுங் ஹீ புதிய யாப்பொன்றை இயற்றித் தமது ஆட்சிக்கு எல்லை இல்லாதபடி செய்துகொண்டார். மார்க்கோஸ் துப்பாக்கியால் நீட்டினார். நம்மவர்கள் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் நீட்டினார்கள். வழிதான் வேறு.

இரண்டாவது, நீதிமன்றத்தை மிரட்டல். 1983 ஜூனில், பொலிஸாருக்கு எதிராக அடிப்படை உரிமைத் தீர்ப்பு வழங்கிய நீதியரசர்களின் வீடுகளுக்கு முன் காடையர் கூட்டம் கூச்சலிட்டது. குற்றங்காணப்பட்ட அதிகாரிக்கோ பதவி உயர்வு கிடைத்தது. 2013 ஜனவரியில், மாகாண சபைகளின் உரிமையைத் தொட்ட திவிநெகும மசோதா வழக்குக்குப் பின்னர், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கா பதவி நீக்கப்பட்டார். அந்த விசாரணை முறை சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றங்கள் கூறியும் அக்குரல் செவியேறவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1974 ஜூலை 24ஆம் நாள் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு ஜனாதிபதி நிக்சனுக்கு ஒருமனதாகக் கட்டளையிட்டது. ஓகஸ்ட் 9ஆம் நாள் அவர் பதவி துறந்தார். நமது நாட்டிலும் 2018இல் அப்படியொரு நாள் வந்தது. ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கினார். நவம்பர் 9இல் பாராளுமன்றத்தையே கலைத்தார். நாலரை ஆண்டு நிறைவதற்கு முன் கலைக்கலாகாது என்று பத்தொன்பதாம் திருத்தம் கூறியிருந்தது. இரா. சம்பந்தனும் பிறரும் நீதிமன்றம் சென்றனர். டிசம்பர் 13ஆம் நாள் ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில், கலைத்தது செல்லாது என்றனர். பூட்டு இருந்தது, அதனால் கதவு நின்றது.

மூன்றாவது, அவசரகாலம். 1933 பெப்ரவரி 28ஆம் நாள் ஜெர்மனியின் ஜனாதிபதி ஹிண்டன்பேர்க், யாப்பின் 48ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு கட்டளையில் ஒப்பமிட்டார். பேச்சுரிமையும் கூட்டவுரிமையும் அன்றிரவோடு போயின. ஹிட்லரின் ஆட்சி அழியும்வரை அவை திரும்பவில்லை. 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு, இந்தியாவிலே அமைச்சரவை கூடுவதற்கு முன்னரே ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். பெயரளவில் ஜனாதிபதியாக இருப்பவர்கூடத் தட்டிக்கேளாத கையெழுத்தால் நாட்டைச் சிறையாக்க முடியும் என்பதற்கு அது சான்று.

நமது நாட்டிலோ 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம், தற்காலிகம் என்று சொல்லப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 1983 ஜூனில் பிறந்த ஓர் அவசரகால விதி, மரண விசாரணை இன்றியே உடல்களை அப்புறப்படுத்தப் படையினருக்கும் பொலிஸாருக்கும் இடங்கொடுத்தது. அடுத்த மாதமே கறுப்பு ஜூலை வந்தது. சடலத்துக்குக்கூடக் கணக்கில்லை என்றானபின் உயிருக்குக் கணக்கேது?

ஆனால் 2024 டிசம்பர் 3ஆம் நாள் இரவு தென் கொரியாவில் நடந்ததையும் பாருங்கள். ஜனாதிபதி யூன் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பாராளுமன்றத்துக்குள் நுழைந்த 190 உறுப்பினர்களும் ஒருவர் தவறாமல் அதை நீக்க வாக்களித்தார்கள். விடியுமுன் பிரகடனம் மடிந்தது. 2025 ஏப்ரல் 4ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து அகற்றியது. சர்வாதிகாரிகளின் கீழ் வாடிய ஒரு மக்கள் கூட்டம் கற்றுக்கொண்ட பாடம் அது.

நான்காவது, மன்னிப்பு. 1974 செப்டெம்பரில் ஜனாதிபதி ஃபோர்ட், வழக்கே தொடங்குமுன் நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கினார். நமது நாட்டிலே மிருசுவிலில் 2000 டிசம்பரில் குழந்தை உட்பட எட்டுப் பொதுமக்கள் கொலையுண்டனர். 2015இல் ஒரு படையினனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பதினெட்டு ஆண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பின் பின் கிடைத்த அந்த நீதியை, 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ஒரே கையெழுத்தால் துடைத்துவிட்டார். எனினும் 2024இல் உயர் நீதிமன்றம், வேறு இரண்டு கொலை வழக்குகளில் முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் வழங்கிய மன்னிப்புகளைச் செல்லாதனவாக்கியது. மன்னிக்கும் அதிகாரமும் மன்னனின் தனிச்சொத்தல்ல என்று நீதிமன்றம் நிலைநாட்டியது.

பெரியோர்களே! இனி நமக்கு நாமே கசப்பான கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜனாதிபதி முறை இல்லாத காலத்தில் நாம் பாதுகாப்பாக வாழ்ந்தோமா? 1948இலும் 1949இலும் மலையக மக்களின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தது யார்? 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை இயற்றியது யார்? பாராளுமன்றமே. 1976 பெப்ரவரியில் புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டு, தொழ வந்தவர்கள் மாண்டபோது, நாட்டை ஆண்டவர் ஒரு பிரதமரே. ஆகவே நாற்காலியின் பெயரை மாற்றினால் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியவர்கள் விடுதலைப் புலிகள். உடுத்த உடையோடு வந்த அம்மக்களை இந்தப் புத்தளக் கரையே ஏந்திக்கொண்டது. தமிழன் கையில் இருந்தாலும் கணக்குக் கேட்க முடியாத அதிகாரம் கொடியதே. பிறரைக் குற்றஞ்சாட்டும் உரைகல்லிலே நம்மையும் உரசாவிட்டால் நமது பேச்சுக்கு மதிப்பேது?

ஜனாதிபதித் தேர்தலிலே சிறுபான்மையோரின் வாக்குத் தேவைப்படுவதால் இம்முறை நமக்கு நன்மையே என்று வாதிடுவோரும் உளர். 2015இல் அவ்வாக்குகள் இல்லாமல் சிறிசேன வென்றிருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் 2019இல் கோட்டாபய, பெரும்பான்மை இனத்தவரின் வாக்குகளையே பெரிதும் நம்பி 52 வீதத்துக்கு மேல் பெற்றார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம் என்ற பேரத்தை நம்பி, இடைப்பட்ட நாட்களெல்லாம் ஒருவரின் மனப்போக்கிலே கிடப்பது மதியாகுமா?

ஆகவே நாம் கேட்கவேண்டியவை எவை?

நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒழிக்கப்பட வேண்டும். 1994இல் சந்திரிகா வாக்களித்தார். 2005இல் மகிந்த வாக்களித்தார். 2015இல் சிறிசேன வாக்களித்தார். 2024இல் அநுர குமார திசாநாயக்கவும் அதையே கூறி வென்றார். ஏறுமுன் ஏணியை எடுப்போம் என்பதும், ஏறியபின் ஏணி இருக்கட்டும் என்பதும் முன்னையோரிடம் நாம் கண்ட பழக்கம். இம்முறை திகதி கேட்போம்.

அதனுடன், நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் ஆராய்ந்து தள்ளுவதற்கு வழி வேண்டும். 1978 யாப்பின் 80ஆம் உறுப்புரை அவ்வழியை அடைத்துவிட்டது. சபாநாயகர் சான்றுரை எழுதியபின், அநீதியான சட்டமும் அசையாச் சட்டமாகின்றது.

மூன்றாவதாக, அதிகாரம் பகிரப்பட வேண்டும். நமது வடமேல் மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல உருண்டும் தேர்தல் வரவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நடத்தினார். கூரைக்குக் காற்று வருமுன் முளை அடிப்பதுபோல, கொழும்பிலே ஒரு கை தவறினால் அதைத் தாங்குவதற்கு இங்கே மக்கள் தேர்ந்த சபை இருக்க வேண்டும்.

நான்காவதாக, பதவி முடிந்தபின்னும் கணக்குண்டு என்பது நிலைக்க வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறன்று, நம் மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும் பிற இடங்களிலும் உயிர்கள் பலியாகின. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் பணித்தது. அதே ஆண்டு நவம்பரில், பொருளாதார வீழ்ச்சியில் கோட்டாபயவும் மகிந்தவும் வேறு சிலரும் பொது நம்பிக்கையை மீறினர் என்று தீர்ப்பளித்தது. நம்பிக்கைப் பொறுப்பு என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். தென்னந்தோட்டத் தத்துவத்துக்கு நாம் சொன்ன அதே நீதி அது.

உடன்பிறந்தோரே! 2022 ஜூலை 9ஆம் நாள் மக்கள் வெள்ளம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 14ஆம் நாள் கோட்டாபய பதவி துறந்தார். அது பெரிய நாளே. ஆயினும் ஆள் போனார், ஆசனம் இருந்தது. கரைவலை இழுப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: ஒரு பக்கக் கயிற்றை மட்டும் இழுத்தால் வலை கரைசேராது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் சேர்ந்து வாழுகின்ற இக்கரையிலே, எல்லோரும் தத்தம் கயிற்றைப் பற்றி ஒருசேர இழுக்க வேண்டும். வாக்குக் கேட்டு வருபவர் எவராயினும், எந்தக் கட்சியாயினும், மேற்சொன்ன நான்கு கோரிக்கைகளையும் முன்வைத்து எழுத்திலே விடை கேளுங்கள். தந்தவர்கள் நாம், கணக்குக் கேட்கும் உரிமையும் நமதே.