ஆட்டம் முடிந்த பின்

உதைபந்தாட்டம் தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதனைப் பற்றிய வழக்கோ அன்றிரவுதான் தொடங்குகிறது. தோற்ற கழகத்தின் ஆதரவாளர் தோல்வி நியாயமன்று என்பர். வென்ற கழகத்தின் ஆதரவாளர் இன்னும் பல கோல்கள் போட்டிருக்க வேண்டும் என்பர். ஆட்டம் சமநிலையில் முடிந்தாலோ இவ்விரு குறைகளும் ஒருங்கே சேர்ந்துகொள்ளும். இந்த வழக்காடலை ஒரு கலையாகவே வளர்த்த நகரம், இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகர் ஆகும்.

வங்காளிகள் ஓய்வு நேரத்தில் கூடியிருந்து பேசுவதை 'அட்டா' என்பர். வீட்டுத் திண்ணையிலும் தெருமுனைத் தேநீர்க் கடையிலும் அது நடைபெறும். அரசியல், இலக்கியம், மீன் விலை என எதுவும் அங்கே பேச்சுக்கு உரியதே. ஆயினும் மழைக்காலம் வந்து உதைபந்தாட்டப் பருவமும் தொடங்கிவிட்டால், மற்றவையெல்லாம் பின்னுக்குப் போய்விடும். 1889 ஆம் ஆண்டு தோன்றிய மோகன் பகான் கழகத்தை மேற்கு வங்கத்துப் பழங்குடிகள் தமதெனக் கொண்டனர். 1920 ஆம் ஆண்டு தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகத்தைக் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் தமதெனக் கொண்டனர். 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்தோருக்கு அக்கழகத்தின் பெயர் விட்டுவந்த ஊரின் பெயராகவே ஒலித்தது. மோகன் பகான் வென்றால் அதன் ஆதரவாளர் இல்லங்களில் இறால் சமைப்பதும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் 'இலிஷ்' என்னும் மீன் சமைப்பதும் மரபு.

இத்தகைய நகருக்கு 1977 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒரு விருந்தினர் வந்தார். அவர் பெலே. 1958, 1962, 1970 ஆகிய மூன்று உலகக் கிண்ணங்களை வென்ற பிரேசில் அணிகளில் ஆடியவர். அவர் அப்போது ஆடிவந்த நியூயோர்க் கொஸ்மோஸ் கழகம், அதற்கு முந்திய மாதந்தான் வட அமெரிக்க லீக்கின் வாகைப் பட்டத்தைச் சூடியிருந்தது. ஆசியச் சுற்றுப்பயணம் மேற்கொண்ட அக்கழகத்தை செப்டெம்பர் 24 ஆம் திகதி ஈடன் தோட்டத்தில் எதிர்த்து ஆடும் வாய்ப்பு மோகன் பகானுக்குக் கிட்டியது.

மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்தது. 1970 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற பிரேசில் அணியின் தலைவர் கார்லோஸ் அல்பேர்ட்டோ கொஸ்மோஸ் சார்பில் முதற் கோலைப் போட்டார். இனிக் கோல் மழை பொழியும் என்று அஞ்சியோர் பலர். ஆனால் ஷியாம் தாபா அதனைச் சமன் செய்தார். பின்னர் முகம்மது ஹபீப் மோகன் பகானை முன்னணியில் நிறுத்தினார். கௌதம் சர்க்கார் பெலேயை நிழல்போலத் தொடர்ந்தார். பந்துக் காப்பாளர் சிவாஜி பானர்ஜி பெலேயின் காலடியில் பாய்ந்து பந்தைப் பற்றினார். இறுதியில் கொஸ்மோஸ் அணிக்கு ஒரு தண்டனை உதை கிடைத்தது. இத்தாலிய வீரர் கினாலியா அதனைக் கோலாக்க, ஆட்டம் 2–2 எனச் சமநிலையில் முடிந்தது. பெலே கோல் எதுவும் போடவில்லை.

அன்றிரவு தேநீர்க் கடைகளில் மூண்ட வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. முதலாவது வாதம் அத்தண்டனை உதையைப் பற்றியது. பந்தைத்தானே தடுத்தார்கள், ஆளையா தடுத்தார்கள் என்று மோகன் பகான் அன்பர்கள் கேட்டனர். மத்தியஸ்தர் விருந்தினர் முகம் பார்த்துத் தீர்ப்பளித்தார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அவர்களுள்ளேயே நிதானமான சிலர் வேறு விதமாகப் பேசினர். தண்டனை உதை தவறென்றே கொள்வோம். முன்னணியில் நின்ற அணி பந்தைத் தன் வசம் வைத்திராமல் பின்வாங்கி நின்றது யார் தவறு என்பது அவர்கள் வினா. தம் அணியை நேசிப்பவரே அதனிடம் கடுமையாகக் கணக்குக் கேட்பார் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது வாதம் பெலேயைப் பற்றியது. வந்தவர் முப்பத்தாறு வயதான, விடைபெறும் தறுவாயில் நின்ற பெலே என்றும், நெடும் பயணத்தால் களைத்த அணியைச் சேற்றில் தடுத்தது பெரிய காரியமன்று என்றும் ஐயுற்றோர் கூறினர். சேறு இரு அணிகளுக்கும் பொதுவன்றோ என்பது மறுமொழி. இம்மறுமொழியிலே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. 1911 ஆம் ஆண்டு மோகன் பகான் அணி, ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அக்காலத்தில் சேறு வெறுங்கால் வீரரின் பகையாயிருந்தது. 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என இந்தியா தோற்ற பின்னரே பாதணி அணிந்து ஆடுவது அங்கு கட்டாயமாயிற்று. ஒரு காலத்தில் வங்காளி சொல்லக்கூடிய சாக்காக இருந்த சேறு, 1977 இல் உலக வீரருக்கான சாக்காக மாறியதைக் கண்டு முதியோர் நகைத்தனர்.

மூன்றாவது வாதத்தைத் தொடுத்தவர்கள் ஈஸ்ட் பெங்கால் அன்பர்கள். அவர்கள் வாதம் கூர்மையானது. மோகன் பகானின் பயிற்சியாளர் பி. கே. பானர்ஜி சில ஆண்டுகளுக்கு முன்பு ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளராக இருந்தவர். தாபா, ஹபீப், சர்க்கார் ஆகியோரும் முன்னர் ஈஸ்ட் பெங்கால் சட்டை அணிந்தவர்களே. எங்கள் வீட்டு நெல்லைக் கொண்டுபோய் நீங்கள் பொங்கல் பொங்கினீர்கள் என்பது போன்றது அவர்களது கேலி. மேலும், 1973 ஆம் ஆண்டு ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் பியோங்யாங் நகர அணியை 3–1 என ஈஸ்ட் பெங்கால் வென்றதை அவர்கள் நினைவூட்டினர். அது கேடயத்திற்கான போட்டி, இதுவோ சிநேகபூர்வ ஆட்டம். மேலும் இவ்வாண்டு லீக் வெற்றி யாருடையது என்றும் வினவினர். அவ்வாண்டு லீக் ஈஸ்ட் பெங்காலுக்கே போயிருந்தது.

இவ்வினாவுக்கு வாயால் விடையளிக்க இயலாது. சில நாட்களுக்குள் நடந்த ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்காலை 1–0 என வென்று மோகன் பகான் அதற்கு விடையளித்தது. அப்பருவத்திலேயே ரோவர்ஸ் கிண்ணத்தையும் டுராண்ட் கிண்ணத்தையும் அது வென்றது. பெலேயுடன் பொருதிப் பெற்ற தன்னம்பிக்கையே இவ்வெற்றிகளுக்கு வித்து என்பர் ஒரு சாரார். லீக்கை இழந்த நாணமே வித்து என்பர் மற்றொரு சாரார். இரண்டும் கலந்தே ஒரு கழகத்தை உயர்த்தியிருக்கக்கூடும்.

எனினும், இக்கதை இனிய நினைவாக மட்டும் முடிந்துவிடவில்லை. 1980 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16 ஆம் திகதி, அதே ஈடன் தோட்டத்தில், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் லீக் ஆட்டமொன்றில் மோதின. மைதானத்தில் வீரர்களிடையே முறுகல் மூண்டது. அது பார்வையாளர் படிகளில் கலவரமாக வெடித்தது. நெரிசலில் 16 பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளைகளுக்காகச் சோறு வைத்துக் காத்திருந்த வீடுகளுக்குச் சடலங்கள் வந்து சேர்ந்தன. இறால் வீடு, இலிஷ் வீடு என்ற வேறுபாடு அன்று எங்கும் இருக்கவில்லை.

ஒரே மைதானம், ஒரே நகரத்து மக்கள், இடையே கழிந்தவை மூன்று ஆண்டுகளே. 1977 இல் எதிரணியில் நின்ற பெலேயின் ஒவ்வோர் அசைவுக்கும் மோகன் பகான் அன்பர்கள் கைதட்டினர். அதனால் தம் அணிமீது கொண்ட பற்று குறைந்துவிட்டதாக எவரும் எண்ணவில்லை. கடல் கடந்து வந்த அந்நியனுக்கு அவ்வளவு தாராளமாக அளித்த மதிப்பில் ஒரு சிறு பங்கையேனும் அடுத்த தெருவில் வாழும் அயலவனுக்கு அளிக்க அவர்களால் இயலாமற் போனது ஏன்? தொலைவில் உள்ளவனின் பெருமை நம்மைச் சுடுவதில்லை. அயலவனின் பெருமை நம் வீட்டுச் சுவரை இடிப்பதாகத் தோன்றுகிறது. வாதம் வசையாக மாறுவதும், வசை கல்லாக மாறுவதும் இந்த மயக்கத்தினாலேயே.

கல்கத்தா மக்கள் இதனைப் பெரும் விலை கொடுத்து உணர்ந்தனர். அதன் பின்னர் ஓகஸ்ட் 16 ஆம் நாளை உதைபந்தாட்ட அன்பர் தினமாகக் கொண்டு, மாண்டோர் நினைவாக இரத்ததான முகாம்கள் நடத்தும் வழக்கம் அங்கு ஏற்பட்டது. அங்கே கொடுக்கப்படும் குருதி எக்கழக அன்பருடையது என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை.

2–2 என முடிந்த அந்த ஆட்டம் வெற்றிக்கு ஒப்பானதா, கைநழுவிய வெற்றியா என்ற வழக்கு அத்தேநீர்க் கடைகளில் இன்னும் நடக்கட்டும். பெலே 2022 ஆம் ஆண்டு மறைந்தார், பி. கே. பானர்ஜியும் ஹபீபும் மறைந்துவிட்டனர். ஆட்டக்காரர் போனாலும் ஆட்டத்தின் பேச்சு வாழ்வது நல்லதே. எதிர்க்கட்சி பேசியவனுக்கும் சேர்த்து ஒரு கோப்பைத் தேநீர் சொல்லும் வழக்கம் உள்ளவரையில், அவ்வழக்குத் தீராதிருப்பதால் எவருக்கும் நட்டமில்லை.