நெடுந்தீவின் முருகைக்கல் தூண்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து தீவுப்பக்கம் போகிறவர்களில் பலர் நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். இன்று உங்களை அதற்கும் அப்பால், நெடுந்தீவுக்கு அழைத்துப் போகிறேன். வேலணையும் புங்குடுதீவும் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சோளகம் அடிக்கும் காலமென்றால் படகு நன்றாகவே ஆடும். சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கரை ஏறியதும் முதலில் கண்ணில் படுவது வேலிகள். யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் பார்த்திருப்பீர்கள். இங்கே கல்வேலி. முருகைக்கற்களைச் சாந்து எதுவும் பூசாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இடைவெளிகளால் காற்று புகுந்து போகிறது; வேலியோ அசையாமல் நிற்கிறது. கல்லின் எடையையும் சாய்வையும் கையால் அறிந்தவர்களால்தான் இப்படி அடுக்க முடியும்.

போர்த்துக்கேயர் காலத்துக் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாடும் இதே கல்தான். ஒல்லாந்தர் வந்து இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்ப் பெயரைச் சூட்டினார்கள். நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். அவற்றில் இன்றுவரை வழக்கில் இருப்பது நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் ஒன்றுதான்.

நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது சாராப்பிட்டியை. உவர் மிகுந்த இந்தத் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உள்ள இடம் அது. அங்கே பழைய குதிரை லாயத்தின் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கூரை இல்லை. சாந்து உதிர்ந்த இடங்களில் முருகைக்கல்லின் துளைகள் தெரிகின்றன. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை வளர்ப்பு ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி இத்தீவின் பொறுப்பில் இருந்தார். அந்தக் குதிரைகளின் வழிவந்தவைதான் இன்று வெட்டவெளியில் மேயும் மட்டக்குதிரைகள் என்கிறார்கள்.

இந்தத் தூண்களின் முன்னால் நிற்கும்போது கடலுக்கு அந்தப் பக்கம், சென்னையில் தூண்கள் எழுப்பிய ஒருவரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவர் தோமஸ் ஃபியோட் டி ஹவிலண்ட். 1775இல் பிறந்தவர், கேர்ன்சி என்ற சிறு தீவைச் சேர்ந்தவர். சென்னைப் படையின் பொறியியலாளர். தட்டையான செங்கல் வளைவாலும் அகன்ற ஆற்றைக் கடக்கலாம் என்று காட்டுவதற்காக 1808இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு வளைவு கட்டினார். மேலே ஆள் ஏறி நின்றால் அது அதிரும்; ஆனாலும் 1937 வரை விழவில்லை. 1809இல் படை அதிகாரிகள் அரசோடு முரண்பட்டபோது அவரும் பதவி இழந்தார், பிறகு மீண்டும் சேர்க்கப்பட்டார். நெடுந்தீவில் குதிரைகள் வளர்ந்த அதே காலப்பகுதியில்தான் அவர் சென்னை எழும்பூரில் புனித அந்திரேயா தேவாலயத்தை எழுப்பினார். 1818இல் தொடங்கி 1821இல் முடித்தார். சேறும் களியுமான நிலம் என்பதால் கிணறு கிணறாக இறக்கி, அதன்மேல் அத்திவாரம் போட்டார். கிரேக்க, ரோமானிய மரபைத் தழுவிய வட்ட மண்டபம், அதனுள் 16 தூண்கள், மேலே குவிமாடம். அங்கே பூசிய சென்னைச் சுண்ணச் சாந்துக்குப் பளிங்கு போன்ற பளபளப்பு உண்டு. கிளிஞ்சலைச் சுட்டு, அரைத்து, தேய்த்துத் தேய்த்துப் பெற்ற பளபளப்பு அது.

அந்தச் சுண்ணாம்பும் கடல் தந்தது, நமது முருகைக்கல்லும் கடல் தந்தது. இரண்டு கரையிலும் உழைத்தவர்கள் உள்ளூர் மேசன்மார். டி ஹவிலண்டின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. சாராப்பிட்டித் தூண்களை நிறுத்தியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. கல் வெட்டியவரும் சூளை வைத்தவரும் கட்டடக் கலைஞருக்குச் சமமாக மதிக்கப்பட வேண்டியவர்கள்.

எழும்பூர்த் தேவாலயத்தை இன்றும் பராமரிக்கிறார்கள், வழிபாடும் நடக்கிறது. நெடுந்தீவுத் தூண்கள் உப்புக்காற்றில் ஆண்டுக்காண்டு கரைகின்றன. இவற்றைத் திருத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீமெந்து பூசக்கூடாது. முருகைக்கல் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு இடம் கொடுக்கும். சீமெந்து ஈரத்தையும் உப்பையும் உள்ளேயே பூட்டிவிடும். கல் உள்ளிருந்தே பொடியாகும். கடலிலிருந்து புதிதாக முருகைக்கல் எடுப்பதும் தகாது, கரையைக் காப்பதே கடலடி முருகைக்கல் பார்தான். ஆகவே இருக்கிற கல்லைக் காப்பாற்றுவது ஒன்றே வழி.

நேயர்களே, நெடுந்தீவுக்குப் போனால் பெருக்கமரத்தைப் பாருங்கள், குதிரைகளையும் பாருங்கள். சாராப்பிட்டிக்குக் கட்டாயம் போங்கள். தூண்களில் ஏறாதீர்கள், கல்வேலியிலிருந்து ஒரு கல்லையும் உருவாதீர்கள். குறிகட்டுவானுக்குத் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.