கணக்கு வராத பிள்ளை

(பொன்விழாவையொட்டி நம் பங்குத் தொடக்கப் பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் கோவிலைப் பற்றியும் கோபுரத்தைப் பற்றியும் பலர் பேசிவிட்டார்கள். கோவிலை ஒட்டி நிற்கும் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி, அதிலும் கணக்குப் பாடத்தைப் பற்றி நாம் பேச விரும்புகிறோம்.

சாமியாருக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1582-ஆம் ஆண்டு திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தினார். அந்தத் திருத்தத்தின் கணக்கை உலகுக்கு விளக்கியவர் கிளாவியுஸ் என்னும் சேசு சபைக் குரு. சபையின் கல்லூரிகளில் கணிதத்துக்கு உரிய இடம் வேண்டுமென்று வாதாடியவரும் அவரே. ஆகவே கணக்கு நம் திருச்சபைக்கு அந்நியமானதல்ல.

குருமடத்தில் இலத்தீன் படித்தபோது ஒரு சொல்லைக் கற்றோம். 'கால்குலுஸ்' என்றால் சிறு கூழாங்கல். கணக்கிடுவதைக் குறிக்கும் இலத்தீன் சொல் இதிலிருந்தே பிறந்தது. உரோமையர் கற்களை வைத்து எண்ணியவர்கள். நம் பாட்டிமார் புளியங்கொட்டையும் சோழியும் வைத்துப் பல்லாங்குழி ஆடியதும் அவ்வாறே. எண் முதலில் கைக்கு வருகிறது, பிறகு மனத்துக்கு, கடைசியில்தான் சிலேட்டுக்கு. நாம் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறோம்.

இங்கே நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தபோது, பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பைப் பார்வையிடச் சென்றோம். 53-இல் 17 போனால் எத்தனை என்று ஒரு சிறுவனைக் கேட்டோம். அவன் பலகையில் 44 என்று எழுதினான். வகுப்பே சிரித்தது. "உனக்கெல்லாம் கணக்கு வராது" என்று நாமும் சொல்லிவிட்டோம். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அவன் செய்தது என்ன? "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். 7-இலிருந்து 3-ஐக் கழித்தான், 4. 5-இலிருந்து 1-ஐக் கழித்தான், 4. சொன்ன பாடத்தை அப்படியே கடைப்பிடித்தான். தவறு பிள்ளையிடம் இல்லை, நாம் கற்பித்த விதத்தில் இருந்தது.

அவனிடம் ஈர்க்குச்சிகளைக் கொடுத்திருக்க வேண்டும். பத்துப் பத்தாக ஐந்து கட்டு, உதிரியாக மூன்று குச்சி. ஏழு குச்சி எடு என்றால் மூன்றுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவனே அவிழ்ப்பான். இப்போது உதிரி 13. ஏழை எடுத்தால் ஆறு. மீதி நான்கு கட்டில் ஒன்றை எடுத்தால் மூன்று. விடை 36. இதைத்தான் 'கடன் வாங்குதல்' என்கிறோம். உண்மையில் கடனுமில்லை, வட்டியுமில்லை. தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

குச்சி இல்லையென்றால் வீட்டில் ஜெபமாலை இருக்கிறது. பத்துப் பத்தாக ஐந்து, தொடக்கத்தில் மூன்று. அருள் நிறை மணிகள் 53. தினமும் கையில் பத்துகளைப் பிடித்துக்கொண்டே, பிள்ளைக்குப் பத்து தெரியவில்லை என்கிறோம்!

இன்னொன்று. எண்பத்தொன்பதுக்குப் பிறகு பிள்ளை தடுமாறினால் கோபிக்காதீர்கள். இருபது, முப்பது என்று ஒழுங்காக வந்த தமிழ், ஒன்பது பத்தைத் 'தொண்ணூறு' என்கிறது. நூறு என்று முடிகிறது, ஆனால் நூறு இல்லை. குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்?

வாய்ப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. மனப்பாடம் அவசியமே. ஆனால் நாலு வரிசையில் ஆறு ஆறாகப் புளியங்கொட்டையை அடுக்கி 24 என்று கண்ட பிறகு சொல்லும் வாய்ப்பாடு மறக்காது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும், முதல் மூன்று வகுப்புகளில் செயல்வழியாகவே கற்பிக்கச் சொல்லிற்று.

அந்தச் சிறுவனைப் பின்னர் ஒரு சந்தையில் கண்டோம். வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தான். கிலோ 32 ரூபாய். ஒன்றே கால் கிலோ கேட்டோம். தராசு நிற்கும் முன்னே, "நாற்பது ரூபாய், சாமி" என்றான். நாம் வியந்து பார்த்தோம். அவன் சிரித்துக்கொண்டே, "எனக்குத்தான் கணக்கு வராதே, சாமி" என்றான். நாம் பதில் சொல்ல இயலாமல் நின்றோம்.

ஆகவே பெற்றோர்களே, உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறோம். பிள்ளையின் காதுபட "இவனுக்குக் கணக்கு வராது" என்று சொல்லாதீர்கள். கடைக்கு அனுப்பும்போது மீதிச் சில்லறையை அவனே எண்ணட்டும். விடை தவறினால் அடிக்காமல், "எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். ஆசிரியர்களுக்கும் இதுவே நம் வேண்டுகோள்.

நற்செய்தியில் வரும் ஆயன் நூறு ஆடுகளில் ஒன்று குறைவதைக் கண்டான். அதற்கு எண்ணத் தெரிந்திருந்தது. தேடிப் போனானே, அதற்கு அன்பு வேண்டியிருந்தது. நம் பள்ளிக்கு இரண்டும் வேண்டும். இந்தப் பொன்விழா ஆண்டிலிருந்து, கணக்குக்குப் பயந்து ஒரு பிள்ளையும் இந்த வாசலை விட்டுப் போகாதிருக்க இறைவன் அருள்வாராக.